கிராங்க் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாகன இணைப்பில் டர்போ எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் கூட்டுவது, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை நீட்டுவது, பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பட்டறையில் என்னிடம் வேலை பார்க்கும் பையன் அதைக் கத்தரித்து என் மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க சொல்றதுக்கு நேர்மாறா எழுதியிருக்காங்க, பாருங்க" என்று சிரித்துக்கொண்டே போனான். படித்தேன். எழுத்து நன்றாக இருந்தது, படங்கள் அதைவிட நன்றாக இருந்தன. நடுவில் போட்டிருந்த கட்டம்தான் தவறு. சின்னத் தவறென்றால் விட்டிருப்பேன். அதை நம்பி யாராவது கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வாங்கினால், எஞ்சினின் உடலான பிளாக்கில் ஓட்டை விழும் என்பதால் எழுதுகிறேன். அப்படி ஓட்டை விழுந்த பிளாக் ஒன்று என் பட்டறை வாசலில் கிடக்கிறது. அது என் கைவேலைதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 22 வருடம், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் செய்தேன். அப்புறம் 14 வருடமாகப் பந்தயத்துக்கு ஓடும் டர்போ எஞ்சின்களைப் பிரித்துச் சேர்ப்பதே பிழைப்பு. மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை இது, பேனா அவ்வளவாகப் பழக்கமில்லை. கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் வெட்ட வேண்டாம்.

உங்கள் கட்டத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் 85 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 88 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டரின் கொள்ளளவு 1997 சிசி. இரண்டாவதில் அதே போர், 100 மி.மீ. ஸ்ட்ரோக், 2270 சிசி. அளவுகளைப் பார்த்ததுமே எந்த எஞ்சின் என்று தெரிந்துவிட்டது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் 9-ஆம் பதிப்பு வரை வந்த 4ஜி63. அந்த 100 மி.மீ. கிராங்க் அதன் அண்ணனான 4ஜி64-இலிருந்து வருவது. இதுவரை சரி. சிசி 13.6 சதவீதம் கூடுகிறது என்பதும் சரி. அதற்கப்புறம் இரண்டு வரிக்கும் 8500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்று போட்டு, டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்ட் அதேயென்றால் பவரும் 13.6 சதவீதம் கூடும் என்று முடித்துவிட்டார்கள். தவறு அந்த இரண்டாவது 8500-இல் இருக்கிறது.

பிஸ்டன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை மேலே போகிறது, ஒரு முறை கீழே வருகிறது. அதாவது ஸ்ட்ரோக்கைப் போல இரண்டு மடங்கு தூரம். அதை ஆர்பிஎம்மால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் வரும். 88 மி.மீ. கிராங்க் 8500-இல் சுற்றும்போது வினாடிக்கு 24.9 மீட்டர். 100 மி.மீ. கிராங்க்கை அதே 8500-இல் சுற்றினால் 28.3 மீட்டர். அடித்து உருவாக்கிய நல்ல ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் நல்ல ராடு, ஆயில் சப்ளை ஒழுங்கு என்றால் 25 மீட்டர் வரை துணிந்து போகலாம் என்று என்னைப் போன்றவர்கள் ஒரு எல்லை வைத்திருக்கிறோம். அதைத் தாண்டிப் போகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைத் திறந்து பார்க்கிறவர்கள். 100 மி.மீ. கிராங்க்குக்கு இந்த 25 மீட்டர் எங்கே வருகிறது தெரியுமா? சரியாக 7500 ஆர்பிஎம்மில்.

இனிமேல்தான் வேடிக்கை. 1997-ஐ 8500-ஆல் பெருக்குங்கள்: 1 கோடியே 69 லட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம். 2270-ஐ 7500-ஆல் பெருக்குங்கள்: 1 கோடியே 70 லட்சத்து 25 ஆயிரம். இரண்டும் ஒன்றேதான். இருக்கிற துளி வித்தியாசமும் 24.9-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம். முதல் முறை இதைப் போட்டுப் பார்த்த இரவு, கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றை எடுத்தேன். யோசித்தால் ஆச்சரியமே இல்லை. போர் மாறவில்லை, அதனால் பிஸ்டன் முகத்தின் பரப்பு மாறவில்லை. அதே பரப்பு அதே வேகத்தில் நகர்ந்தால் இழுக்கிற காற்றும் அதேதான். பிஸ்டன் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டீர்கள் என்றால், போரைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை எவ்வளவு நீட்டினாலும் எஞ்சின் நிமிடத்துக்கு விழுங்கும் காற்று கூடாது. காற்று கூடாமல் உச்ச பவர் எங்கிருந்து கூடும்?

சரி, அப்படியானால் எதற்கு இத்தனை பேர் ஸ்ட்ரோக் கூட்டுகிறார்கள்? முட்டாள்களா? இல்லை. கிடைப்பது வேறு ஒன்று. அதே பவர் 1000 ஆர்பிஎம் கீழேயே கிடைக்கிறது, அங்கே டார்க், அதாவது சுழற்றும் விசை, 13 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருக்கிறது. டர்போவுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு, இயற்கையாகக் காற்றிழுக்கும் எஞ்சினுக்கு அது கிடையாது. டர்பைனைச் சுற்றுவது புகை. எந்த ஆர்பிஎம்மில் பார்த்தாலும் புகை 13, 14 சதவீதம் கூடுதலாக வருவதால் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. என் கையில் ஓடிய எஞ்சின்களில், 4500-இல் முழு பூஸ்டுக்கு வந்துகொண்டிருந்த டர்போ, நீள ஸ்ட்ரோக் போட்டதும் 4000-ஐ ஒட்டியே வந்துவிடும். ஸ்டீயரிங் பிடிப்பவனுக்கு அந்த 500 ஆர்பிஎம் பெரிய விஷயம். வளைவிலிருந்து வெளியே வந்து மிதித்தால், வண்டி யோசிக்காமல் கிளம்புகிறது.

இதில் சிலிண்டருக்கு மேலே வால்வுகள் உட்காரும் ஹெட்டையும் மறக்கக் கூடாது. வால்வு அதே வால்வு, போர்ட் அதே போர்ட். பெரிதாகிவிட்ட சிலிண்டரை அதே வாசல் வழியாகத்தான் நிரப்ப வேண்டும், ஆகவே வால்வைத் திறக்கும் கேமும் பழையதாகவே இருந்தால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறல் முன்பைவிடச் சீக்கிரமே தொடங்கும். ரெவ் லிமிட்டை, அதாவது ஆர்பிஎம்மின் உச்ச வரம்பை, 7500-க்கு இறக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். பவரை அளந்து காட்டும் டைனோ சார்ட்டை வைத்துப் பார்த்தால் பல எஞ்சின்களில் அதற்குமேல் எடுக்க ஒன்றுமே இருக்காது.

ஆக, என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கிராங்க் எது, ராடு எது என்றல்ல. பந்தயத்தில் எந்த ஆர்பிஎம்முக்கும் எந்த ஆர்பிஎம்முக்கும் நடுவில் உன் எஞ்சின் இருக்கிறது என்று கேட்பேன். மலைப்பாதையில் ஓட்டுகிறவன் 3500-க்கும் 6500-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பான், அவனுக்கு ஸ்ட்ரோக் கூட்டுவது வரப்பிரசாதம். காற்றுக்குழாயில் ரெஸ்ட்ரிக்டர் மாட்டச் சொல்லும் ராலி விதிகளும் அப்படித்தான். 34 மி.மீ. துளைக்குள் போகிற காற்றுக்கு ஒரு உச்சம் உண்டு, அதற்குமேல் 8000, 9000 என்று சுற்றுவது வெறும் சத்தம். நேர்கோட்டில் கால் மைல் ஓட்டுகிறவன் கதை வேறு. கோட்டில் நிற்கும்போதே பூஸ்ட் ஏற்றி வைத்திருப்பான், ஒவ்வொரு கியர் மாறும்போதும் 6500-க்குக் கீழே எஞ்சின் இறங்கவே இறங்காது. டர்போ சீக்கிரம் விழிப்பதால் அவனுக்கு என்ன லாபம்? அவன் பழைய 88-ஐயே வைத்துக்கொண்டு நல்ல வால்வு ஸ்பிரிங் போட்டால் போதும்.

இப்போது வாசலில் கிடக்கும் பிளாக்கின் கதை.

ஒரு இளைஞர் கொண்டு வந்தார். நல்ல ஓட்டக்காரர், காது கேட்காதவர் என்று சொல்லுமளவுக்குப் பிடிவாதம். 100 மி.மீ. கிராங்க், 150 மி.மீ. ராடு, அதற்கேற்ற பிஸ்டன் எல்லாம் அவரே வாங்கி வந்துவிட்டார். நானும் உற்சாகமாகத்தான் இறங்கினேன். கிராங்க்கை உட்கார வைத்து, ராடு போல்ட் தலையில் களிமண் ஒட்டிக் கையால் சுற்றினேன். 2-ஆம் சிலிண்டரில் களிமண் போரின் அடி விளிம்பில் ஒட்டி ஈர்க்குச்சி கனத்துக்கு நசுங்கி வந்தது. ஸ்ட்ரோக் 12 மி.மீ. கூடினால் ராடின் பெரிய முனை ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. வெளியே வீசும், அதனால் இது எதிர்பார்த்ததே. டை கிரைண்டர் எடுத்து நான்கு சிலிண்டரின் அடியிலும் பிறை வடிவில் சிறு வெட்டுப் போட்டு, இரண்டு மி.மீ. இடைவெளி வரும்வரை திரும்பத் திரும்பக் களிமண் வைத்துப் பார்த்தேன். பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சும் நாசில்களையும் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க ஓடிவிடும், யாரிடமும் பேச வேண்டியதில்லை.

பியூரெட் என்ற அளவுக்குழாய் வைத்து, பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரியும் அறையின் கொள்ளளவு பார்க்கும்போதுதான் முதல் அதிர்ச்சி. அந்த எஞ்சினின் கம்ப்ரெஷன், அதாவது காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 8.8. சிலிண்டருக்கு 499 சிசி, மேலே மிஞ்சுகிற அறை 64 சிசி என்றால் அந்தக் கணக்கு வரும். ஸ்ட்ரோக் கூடியபின் சிலிண்டர் 567 சிசி. வாங்கி வந்த பிஸ்டனில் பழைய பிஸ்டனுக்கு இருந்த அதே அளவு குழிவுதான் இருந்தது, மேல் அறை அதே 64. கம்ப்ரெஷன் 9.9-க்குத் தாவிவிட்டது. அதில் 1.5 பார் பூஸ்ட் ஏற்றினால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) பிஸ்டனின் ரிங் இருக்கும் வரப்பை உடைத்துவிடும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழிவு அதிகமான பிஸ்டன் வரவழைத்து 5 வாரம் காத்திருந்தோம்.

அவ்வளவு கவனமாகச் செய்தவன், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவில் ரெவ் லிமிட்டை இறக்காமல் விட்டேன். பழைய ஃபைல் அப்படியே 8500-இல் இருந்தது. "இறக்கிடலாமா?" என்று கேட்டதற்கு அவர், "வேண்டாம், அந்தச் சத்தம் எனக்கு வேணும்" என்றார். சரி என்றேன். சரி என்று சொன்னது நான்தான், அவர்மேல் பழி போட முடியாது.

மூன்றாவது ஓட்டத்தில் 2-ஆம் சிலிண்டரின் ராடு போல்ட் இழுபட்டு, மூடி திறந்து, ராடு பிளாக்கின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. உள்ளங்கை நுழையும் ஓட்டை. "பூஸ்ட் அதிகமா வெச்சுட்டீங்க" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பூஸ்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று திரும்புகிற அந்தக் கணத்தில் அதைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டியது ராடு. 88 மி.மீ. ஸ்ட்ரோக், 150 மி.மீ. ராடு, 8500 ஆர்பிஎம் என்றால் அந்த முடுக்கம் புவியீர்ப்பைப் போல சுமார் 4600 மடங்கு. பிஸ்டன், அதை ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற தண்டு, ரிங் சேர்த்து 450 கிராம் என்று வையுங்கள். 2 டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை அந்த ராடில் தொங்குகிறது, ராடின் சொந்த எடையைச் சேர்க்காமலே. 100 மி.மீ. கிராங்க்கை அதே 8500-இல் சுற்றினால் 5400 மடங்கு ஆகிவிடும், தொங்கும் எடை 2.4 டன்னைத் தொடும். 7500-இல் நிறுத்தியிருந்தால் 4200 மடங்குதான், பழைய 88-ஐவிடக் குறைவு. அதே கிராங்க், அதே போல்ட். 1000 ஆர்பிஎம்மில் முக்கால் டன்னை ஒட்டிய வித்தியாசம் இருந்திருக்கிறது, ராடையும் சேர்த்துப் பார்த்தால்.

வெடிப்பு நடக்கும் உச்சியில் எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே அழுத்துவதால் போல்ட்டுக்குப் பாரம் குறையும். புகையை முழுக்கத் தள்ளிவிட்டுத் திரும்பும் உச்சியில் மேலிருந்து அழுத்த ஒன்றுமில்லை, முழு இழுப்பும் போல்ட்மேல் விழும். அதனால்தான் பூஸ்ட் மிஞ்சினால் ராடு வளையும், ஆர்பிஎம் மிஞ்சினால் போல்ட் இழுபடும். பிரித்துப் பார்த்தால் ராடு நேராக இருந்தது, போல்ட் நடுவில் கழுத்து மெலிந்து அறுந்திருந்தது. யார் குற்றவாளி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்து வரும் விகிதம் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு பயமுறுத்தல் செய்திருந்தார். 1.7-இலிருந்து 1.5-க்கு இறங்கினால் சிலிண்டர் சுவர் தேய்ந்துவிடும் என்கிறார். ராடின் அதிகபட்சச் சாய்வு 17 டிகிரியிலிருந்து 19.5 டிகிரிக்குப் போகிறது என்பதும், பக்கவாட்டு அழுத்தம் சுமார் 15 சதவீதம் கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஹோண்டாவின் கே24 எஞ்சின் 99 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 152 மி.மீ. ராடும் வைத்து, 1.54 விகிதத்தில்தான் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அவை ஓடவில்லையா என்ன? விகிதத்தைப் பார்த்து நான் பயப்படுவதில்லை.

நான் பயப்படுவது பிஸ்டனின் உயரத்துக்கு. 4ஜி63 பிளாக்கின் உயரம் கிராங்க் மையத்திலிருந்து 229 மி.மீ. அதில் 44 கிராங்க்குக்கு, 150 ராடுக்கு, மிச்சம் 35 மி.மீ. பின் மையத்துக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவில். கிராங்க் 50 எடுத்துக்கொண்டால் மிச்சம் 29. அந்த 29 மி.மீ.க்குள்ளேதான் எல்லாம் நெருக்கியடிக்க வேண்டும். பின் துளை ஆயில் ரிங் காடிக்குள் நுழைந்துவிடும், அதற்கு ஒரு தாங்கு வளையம் வைக்க வேண்டி வரும். டர்போ பிஸ்டனில் முதல் ரிங்கைச் சூட்டிலிருந்து தள்ளி வைக்க மேலே கனமான வரப்பு தேவை, அங்கே பிசகினால் தாங்காது. பிஸ்டனின் அடிப்பக்கச் சுவரான ஸ்கர்ட்டும் குட்டை. அந்த இளைஞரின் எஞ்சினில் மிஞ்சிய மூன்று பிஸ்டன்களையும் எடுத்துப் பார்த்தபோது, அழுத்தம் வாங்கும் பக்கத்து ஸ்கர்ட்டில் செங்குத்தாகக் கீறல், விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு. போல்ட் போகாமல் இருந்திருந்தாலும் சில ஓட்டங்களில் ஆயில் புகை விட்டிருக்கும்.

இதற்கு ஒழுங்கான வழி 4ஜி64 பிளாக்கையே எடுத்துக்கொள்வது. உயரம் 235. அந்தக் கூடுதல் 6 மி.மீ. கிராங்க்குக்குப் போய்விடும், பிஸ்டனுக்கு மறுபடி முழு 35 கிடைக்கும். ஆனால் டைமிங் பெல்ட் முதல் இன்டேக் பைப் வரை எல்லாமே மாறும், பாதி எஞ்சின் அறையைத் திரும்பச் செய்ய வேண்டும். அந்த எரிச்சலுக்குப் பயந்துதான் எல்லாரும் குட்டைப் பிஸ்டனுக்குப் போகிறார்கள்.

கிராங்க்கைப் பற்றி ஒன்று. பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல் 57 மி.மீ., ராடு பிடிக்கும் ராடு ஜர்னல் 45 மி.மீ. கிராங்க்கின் முனையிலிருந்து பார்த்தால் இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஏறி நிற்கிறது என்பது கிராங்க்கின் விறைப்புக்கு முக்கியம். 88-இல் அது 7 மி.மீ. 100-இல் வெறும் 1 மி.மீ. கிராங்க் கொஞ்சம் தளர்வாக, வேறு ஆர்பிஎம்மில் முறுக்கி அதிரத் தொடங்கும். எடை குறைக்கிறேன் என்று அதிர்வை அடக்கும் ரப்பர் டேம்பரைக் கழற்றி அலுமினியக் கப்பி மாட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்த எஞ்சினில் அதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் ஸ்ட்ரோக்குக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். சிசி கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், டர்போ எஞ்சினில் போரைக் கூட்டுவதைவிட ஸ்ட்ரோக்கைக் கூட்டுவதே மேல். ரீபோரிங்கிலேயே வளர்ந்த நான் இதைச் சொல்கிறேன். போர் கூடக் கூடச் சிலிண்டர் சுவர் மெலியும், பூஸ்ட் ஏறும்போது சுவர் விரிந்து ரிங் பிடியை விடும். இரண்டு சிலிண்டருக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் உட்காரும் இடமும் குறுகும், முதலில் ஊதுவது அங்கேதான். பிளக்கிலிருந்து சுவர் வரை தீ பரவ வேண்டிய தூரம் கூடுவதால் நாக்கிங்குக்கும் வாய்ப்பு அதிகம். தொழிற்சாலைக்காரர்களுக்கு வார்ப்பையே மாற்றும் வசதி உண்டு. 1978-இல் போர்ஷே 911 டர்போவை 3 லிட்டரிலிருந்து 3.3-க்குக் கொண்டு போனபோது போரை 95-இலிருந்து 97-க்கும், ஸ்ட்ரோக்கை 70.4-இலிருந்து 74.4-க்கும் கூட்டினார்கள், கூடவே இன்டர்கூலரும் வைத்தார்கள். வெறும் கிராங்க்கை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று அவர்களே விடவில்லை.

மிக எளிய கேள்வி ஒன்றைக் கட்டுரை கேட்கவே இல்லை. டர்போ இருக்கிற எஞ்சினுக்குப் பூஸ்ட் இருக்கிறதே? 1.5 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றையும் சேர்த்து 2.5 பார். அதில் 13.6 சதவீதம் கூட்டினால் 2.84, அதாவது பூஸ்ட் கேஜில் 1.84. ஸ்ட்ரோக் கூட்டித் திணிக்கிற கூடுதல் காற்றை, பிளாக்கைத் தொடாமல் 0.34 பார் ஏற்றியே ஏறக்குறைய உள்ளே தள்ளிவிடலாம். பெட்ரோலின் ஆக்டேனும் இன்டர்கூலரும் அதைத் தாங்குமா, டர்போவுக்கு அந்த இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தாங்காது என்றால் ஸ்ட்ரோக் பக்கம் போகலாம். தாங்கும் என்றால் கிராங்க் வாங்கும் காசை வேறு எதற்காவது வையுங்கள்.

புகைக்குப் பதிலாகக் கிராங்க்கே சுற்றிவிடும் சூப்பர்சார்ஜரில் இன்னொரு கூத்து. ரூட்ஸ், திருகு வகைகள் கிராங்க்கின் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுபவை. ஒருவருக்கு அப்படிப்பட்ட எஞ்சினில் ஸ்ட்ரோக் கூட்டிக் கொடுத்தேன், சிசி ஏறக்குறைய 14 சதவீதம் கூடியது. ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் காலையே கோபமாக வந்தார். 0.8 பார் காட்டிக்கொண்டிருந்த கேஜ் 0.6-க்கும் கீழே நிற்கிறதாம், எங்கேயோ லீக் வைத்துவிட்டேனாம். லீக் இல்லை. ஊதுகிற காற்று அதே அளவு, வாங்குகிற வயிறு பெரிதாகிவிட்டது, அழுத்தம் இறங்கத்தான் செய்யும். 1.8-ஐ 1.14-ஆல் வகுத்துக் காட்டியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னக் கப்பி ஒன்று மாட்டி சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்றவிட்டதும் கேஜ் பழைய இடத்துக்கு வந்தது, அவரும் சமாதானமானார். அவர் முதலிலேயே கப்பியை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை.

குட்டை ஸ்ட்ரோக்தான் உயர்ந்தது என்று இன்னொரு கூட்டம் ஃபார்முலா 1-ஐ இழுத்துக்கொண்டு வரும். 2014 முதல் அங்கே ஓடும் 1.6 லிட்டர் வி6 டர்போவில் போர் 80 மி.மீ. என்று விதியே நிர்ணயித்துவிட்டது, சிசியை வைத்துக் கணக்குப் போட்டால் ஸ்ட்ரோக் சுமார் 53. அது பொறியாளர்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்த விகிதம் இல்லை. மறுகோடியில் கப்பல் எஞ்சின். வார்ட்சிலாவின் ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி-யில் போர் 960 மி.மீ., ஸ்ட்ரோக் 2500 மி.மீ., நிமிடத்துக்கு 102 சுற்று, பிஸ்டன் வேகம் வினாடிக்கு 8.5 மீட்டர். இதுவும் டர்போ எஞ்சின், அதுவும் டர்போ எஞ்சின். ஒன்றைக் காட்டி மற்றதை மடக்க முடியாது. பழைய இங்கிலாந்துக் கார்களின் நீள ஸ்ட்ரோக்குக்குக் காரணம் இன்னும் வேடிக்கையானது. 1910-இல் வந்த அவர்களுடைய வரிக் குதிரைத்திறன் சூத்திரத்தில் போரும் சிலிண்டர் எண்ணிக்கையும் மட்டும்தான், ஸ்ட்ரோக்கே கிடையாது. வரியைக் குறைக்கப் போரைச் சுருக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் கட்டத்தை இன்னொரு முறை வெளியிடுங்கள். இரண்டாவது வரியில் 8500-ஐ அடித்துவிட்டு 7500 போடுங்கள், பவர் என்ற இடத்தில் முதல் வரியில் உள்ள அதே எண்ணைப் போடுங்கள். டார்க் என்று ஒரு பத்தி சேர்த்தால் அதில் வித்தியாசம் தெரியும், கியர்பாக்ஸும் கிளட்ச்சும் அந்தக் கூடுதல் டார்க்கைத் தாங்குமா என்று படிக்கிறவர்கள் யோசிக்கவும் செய்வார்கள். கம்ப்ரெஷனுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே ஒருவர் வந்தார், கையில் தாளோடு. கிராங்க்குக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். பந்தயத்தில் எஞ்சின் இருக்கும் ஆர்பிஎம், இப்போது வைத்திருக்கும் பூஸ்ட், முழு பூஸ்ட் வரும் ஆர்பிஎம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். போகும்போது வாசலில் அந்தப் பிளாக்குக்குப் பக்கத்தில் குனிந்து, ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
எஞ்சின் கட்டும் வாசகர் ஒருவர்